ஒன்பதாம் அரங்கின் மூச்சு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பதாம் அரங்கில் யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவர் இருவர் அல்ல, குறைந்தது நாற்பது பேர்.

இதை நான் பொள்ளாச்சியில், என் படுக்கையறையில், மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தேன். என் உத்தியோகமே அதுதான். கோவைக்கு வெளியே இருக்கும் நொய்யல் பல்கலைக்கழகத்தின் சுவடு அலுவலர் நான். பெயர் சம்பந்தம். வளாகம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று அளந்து, வியாழக்கிழமைதோறும் கமிட்டியில் அறிக்கை வாசிக்க வேண்டும். ஆறு வருடமாக என் அறிக்கையில் ஒரே எண்தான் இருந்தது: பூஜ்ஜியம்.

பூஜ்ஜியம் வருவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது கட்டடங்களையும் பூட்டிவிட்டோம், கரண்டைத் துண்டித்துவிட்டோம், எல்லோரையும் வீட்டிலிருந்தே படிக்கவும் பாடம் நடத்தவும் சொல்லிவிட்டோம். மாணவரோ பேராசிரியரோ, ஒரு பருவத்துக்கு மூன்றே மூன்று நாள் வளாகத்துக்கு வரலாம். அதற்கு வருகைச் சீட்டு உண்டு. சீட்டில்லாமல் உள்ளே கால் வைத்தால் விதி பதினொன்று: பெயர் நீக்கம். அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வராதவர்களைத்தான் தண்டித்தார்களாம். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது.

ஆளில்லாத கட்டடங்களில், கரியமில வாயுவை அளக்க, பேட்டரியில் ஓடும் காற்றுமானிகளை மட்டும் விட்டுவைத்திருந்தோம். வெளிக்காற்றில் இருக்கிற அளவுதான் உள்ளேயும் இருக்க வேண்டும். ஒன்பதாம் அரங்கிலோ நான்கு செவ்வாய்க்கிழமைகளாக அது நான்கு மடங்காக ஏறியிருந்தது. நான் யோசித்து, "காரணம்: வௌவால்கள்" என்று எழுதினேன்.

என் மனைவி ரேணுகா ஒரு பஞ்சாலையின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள், எங்கள் சமையலறையிலிருந்து. காபி கொடுக்க வந்தவள் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தக் கோடு பத்து மணிக்கு ஏறுது. பத்து அம்பதுக்குப் படக்குனு எறங்குது. பதினொண்ணு அஞ்சுக்கு மறுபடியும் ஏறுது. நடுவுல எங்க போச்சு உங்க வௌவாலு?"

"வெளிய பறந்திருக்கும்."

"கால் மணி நேரம் மட்டுமா? அது டீ குடிக்கப் போற நேரமுங்க. பன்னெண்டரைக்குச் சுத்தமா எறங்கிருச்சு பாருங்க, அது சோத்து நேரம். இதுல செவ்வாக்கெழம மட்டும் வேற வருதாக்கும். காலண்டர் பாக்கற வௌவால நான் கண்டதில்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் அவள் சொன்னது சரி என்பதுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பூஜ்ஜியச் சான்றிதழைப் புதுப்பிக்கும் கூட்டம் இருந்தது. "வளாகத்தில் அனுமதியற்ற மனித நடமாட்டம் இல்லை" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடத்தில் நான் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. எனக்கென்று இருக்கிற பெருமை அது ஒன்றுதான், வேறு திறமை எதுவும் கிடையாது என்று ரேணுகாவே சொல்வாள்.

ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, என் வருகைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டு வளாகத்துக்குக் கிளம்பினேன்.

வளாகத்தின் வாசலில் ஒரு இயந்திரம் காரணம் கேட்டது. "வௌவால் ஆய்வு" என்றேன். வழிவிட்டது. உள்ளே எங்கு பார்த்தாலும் மயில்கள். நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட எனக்காக நகரவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போனேன். என் சொந்த அலுவலகத்துக்கு வழி தெரியாமல் இரண்டு முறை திரும்பி வந்ததை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஒன்பதாம் அரங்கின் பின்பக்கம், வேலி பிரிந்து கிடந்த இடத்தை ஒட்டி, ஐம்பது சைக்கிள்கள் நின்றன. சரியாகச் சொன்னால் முப்பத்தெட்டு. கதவைத் தள்ளினேன்.

நாற்பத்திரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகை அருகே கையில் சாக்பீஸோடு நின்றவர் பேராசிரியர் திருமூர்த்தி. சுற்றுச்சூழல் பொறியியல் துறைத் தலைவர், எங்கள் கமிட்டிக்கே விதி பதினொன்றை எழுதிக் கொடுத்த மனுஷர்.

"வாங்க சம்பந்தம்" என்றார், ஏதோ கல்யாண வீட்டில் நான் தாமதமாக வந்ததைப் போல. "கதவச் சாத்திட்டு உக்காருங்க. மயில் வந்துரும்."

"சார், என்ன இது?"

"கிளாஸ். இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

"நீங்க இப்ப ஆன்லைன்ல பாடம் நடத்திட்டு இருக்கீங்க. பஸ்ல வர்றப்ப பாத்தேன். எல்லாருமே அதுல இருக்கீங்களே."

கடைசி வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அஃப்ரினா என்று பெயர் சொன்னாள், இறுதியாண்டு.

"அது நாங்க இல்லீங் சார், நிகர்முகம்."

நிகர்முகம் எனக்குத் தெரியும். வீடியோ அனுப்பினால் மின்சாரம் நிறையச் செலவாகிறது என்று பல்கலைக்கழகமே கொண்டுவந்த ஏற்பாடு. கேமரா நம் முகத்தை அனுப்பாது. உதடும் கண்ணும் எப்படி அசைகின்றன என்கிற குறிப்பை மட்டும் அனுப்பும். மறுமுனையில் இருக்கும் இயந்திரம் முகத்தை வரைந்துகொள்ளும். பத்தில் ஒரு பங்கு மின்சாரம்தான். அந்தச் சேமிப்பை நானே ஒரு அறிக்கையில் புகழ்ந்திருக்கிறேன்.

"முகத்த எப்படியும் மிஷின்தானே வரையுது" என்றாள் அஃப்ரினா. "குறிப்பையும் அதையே போட்டுக்கச் சொல்லிட்டோம். நாலு மாசம் எங்களப் பாத்துப் பழகுச்சு. இப்ப 'புரியுதுங் சார்'னு அதுவே சொல்லும், நோட்ஸ் எடுக்கற மாதிரி குனியும். தரணியோடது மட்டும் கொட்டாவி விடும், அவனப் பாத்துப் பழகுனதுனால."

தரணி என்கிற நெடியவன் கை தூக்கிக் காட்டினான்.

"அப்ப சார்?" என்று திருமூர்த்தியைப் பார்த்தேன்.

"என்னோடதும் அதேதான். இப்ப என் படம் நாப்பத்திரண்டு படத்துக்கு வகுப்பு எடுத்துட்டு இருக்குது. போன பருவத்துல சிறந்த ஆசிரியர் விருது அதுக்குத்தான் கெடச்சுது. பாராட்டுக் கடுதாசியெல்லாம் அதுகளே எழுதுச்சு." அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "நேர்ல எனக்கு அவ்வளவு மார்க் போட மாட்டேங்கறாங்க."

அந்த நேரத்தில் எல்லோருடைய போனும் ஒன்றாக அதிர்ந்தது. மணிக்கொரு தரம் வரும் இருப்புச் சான்று அது. நாம் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம் குரலில் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு மாணவர்களும் பேராசிரியரும் போனை வாயருகே கொண்டுபோய், கோயிலில் பஜனை பாடுகிற ஒழுங்கோடு, "வீட்டில் இருக்கிறேன்" என்றார்கள்.

நானும் சொன்னேன்.

ஆறு வருடப் பழக்கம். போன் அதிர்ந்தால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசல் இயந்திரம் நான் உள்ளே இருப்பதாக எழுதி வைத்திருக்கிறது. என் குரல் நான் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டது. அரங்கமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் ஒரே பெருமை ஒன்றரை நொடியில் போய்விட்டது.

டீ இடைவேளையில் வேப்பமரத்தடிக்குப் போனோம். பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நான் அலுவலர் முகத்தை வைத்துக்கொண்டு அஃப்ரினாவிடம் கேட்டேன்.

"எதுக்குமா வர்றீங்க? பாடம் வீட்லயே கெடைக்குதுல்ல?"

"கெடைக்குதுங் சார். ஆனா டவுட் கேக்க முடியறதில்ல."

"கை தூக்குனா மைக் குடுப்பாங்களே."

"அதான் சார் பிரச்சன. கை தூக்குனா அத்தன பேரும் கேப்பாங்க. எனக்கு வர்றதெல்லாம் ரொம்ப அல்பமான டவுட்டு. அத சார்கிட்டக் கேக்க மாட்டேன், பக்கத்துல இருக்கறவகிட்ட மெதுவாக் கேப்பேன். ஆன்லைன்ல பக்கத்துலன்னு யாரும் இல்லீங்களே." டம்ளரைக் கையில் உருட்டினாள். "ரெண்டு வருஷம் எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்கு மட்டுந்தான் புரியலன்னு நெனச்சுட்டு இருந்தேன். இங்க வந்தப்பறந்தான் தெரிஞ்சுது, யாருக்குமே புரியல."

மனசு சங்கடப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டில் நான் மெதுவாகக் கேட்கிற டவுட்டுகளையெல்லாம் ரேணுகாதான் தீர்த்து வைக்கிறாள்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"ஆடி மாசத்துலருந்து."

"எனக்கு நாலு வாரமாத்தானே தெரியுது?"

"அதுக்கு முன்னாடி ஜன்னலத் தொறந்து வச்சிருந்தோம். போன மாசம் மயில் உள்ள வர ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு சாரோட மேசைல ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேனுருச்சு. அதான் சாத்திட்டோம்."

நாற்பத்திரண்டு பேர் பல்கலைக்கழகத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள். மயிலிடம் தோற்றிருக்கிறார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அஃப்ரினா, வியாழக்கெழம நான் கையெழுத்துப் போடணும். உண்மைய எழுதுனா விதி பதினொண்ணு. உங்க நாப்பத்திரண்டு பேரு பேரும் போயிரும். பட்டத்துக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்குது."

"தெரியுங் சார்."

"வௌவால்னு எழுதிரட்டுமா?"

நான் இப்படிக் கேட்டேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவள் தரணியைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"பொய் வேண்டாங் சார். எழுதறதுன்னா முழுசா எழுதுங்க. நாங்க எல்லாத்தையும் அளந்து வச்சிருக்கோம்."

சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? திருட்டுத்தனமாக வகுப்புக்கு வந்தவர்கள், அந்தத் திருட்டால் காற்றில் எவ்வளவு கரி கூடியது என்று வாரந்தவறாமல் குறித்து வைத்திருந்தார்கள். எப்படியும் ஓடுகிற டவுன் பஸ், சைக்கிள், ஃபேன் லைட் இல்லாத அரங்கம். அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நாற்பத்திரண்டு வீடுகளின் மின்மீட்டர் இருந்தது. வீட்டில் இருந்து படித்தால் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர், நாற்பத்திரண்டு ஃபேன், பாதி வீட்டில் ஏசி. இங்கே வந்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"நிகர்முகம் வீட்ல ஓடத்தானே செய்யும்?" என்று மடக்கப் பார்த்தேன்.

"நாப்பத்திரண்டும் ஒரே பழைய கம்ப்யூட்டர்ல ஓடுதுங் சார்" என்றான் தரணி. "எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல வச்சிருக்கேன். சோலார்."

நோட்டை நான் மூன்று முறை படித்தேன். கணக்கில் பிழை இல்லை. பிழை என்னிடம்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் என் முதல் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "வீடுகளில் செலவாகும் மின்சாரம் பல்கலைக்கழக எல்லைக்கு வெளியே உள்ளது" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியால்தான் பூஜ்ஜியம் வந்தது. குப்பையைக் கூட்டிப் பக்கத்து வாசலில் தள்ளிவிட்டு, என் வாசல் சுத்தம் என்று ஆறு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை முழுவதும் எழுதினேன். ரேணுகா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறை தட்டோடு வந்தாள்.

"இத்தன பக்கம் எழுதறீங்களே, உங்க கமிட்டில இதையெல்லாம் யாராச்சும் கேக்கறாங்களா?"

"எட்டுப் பேரும் பதிவாளர் அம்மாவும். ஆறு வருஷமா ஒரு வாரம் தவறாமக் கேக்கறாங்க. தலையாட்டறாங்க. உன்னைய மாதிரி நடுவுல எந்திரிச்சுப் போறதில்ல."

அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். திரையில் ஒன்பது முகங்கள். எட்டு உறுப்பினர்கள், நடுவில் தலைவரான பதிவாளர் மனோன்மணி. அவர் பெயரைக் கேட்டாலே துறைத் தலைவர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள். அந்தப் பூஜ்ஜியச் சான்றிதழை மூன்று வருடம் அலைந்து வாங்கியவர் அவர்தான்.

ஆனாலும் வாசித்தேன். ஒன்பதாம் அரங்கில் நாற்பத்து மூன்று பேர் இருந்ததை வாசித்தேன். நாற்பத்து நான்காவது ஆளாக நானும் இருந்ததையும், வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் இருப்பதாகச் சொன்னதையும் வாசித்தேன். நிகர்முகத்தைப் பற்றிச் சொன்னேன். நம் பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியம் அல்ல, வீடுகளின் கரண்டைச் சேர்த்தால் நாம் பழைய காலத்தைவிட அதிகமாகப் புகைவிடுகிறோம் என்றேன். கடைசியாக மூன்று பரிந்துரைகள் வைத்தேன். இந்த மாணவர்கள் மேல் நடவடிக்கை கூடாது. விதி பதினொன்றை நீக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு நேரில் வருவது சிக்கனம், எதற்கு வீட்டில் இருப்பது சிக்கனம் என்று அளந்து பார்த்து, வாரத்தில் சில நாட்கள் அரங்கங்களைத் திறக்க வேண்டும்.

வாசித்து முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

"அருமையான அறிக்கை, சம்பந்தம். ஏற்கிறேன்" என்றார் முதல் உறுப்பினர்.

"அருமையான அறிக்கை. ஏற்கிறேன்" என்றார் இரண்டாமவர்.

எட்டுப் பேரும் ஏற்றார்கள். வழக்கம்போல் லேசாக இடதுபுறம் தலையைச் சாய்த்து, வழக்கம்போல் புன்னகைத்து. அவர்களுடைய சான்றிதழைக் கிழித்துப் போட்டிருக்கிறேன், ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நாலாவது ஒரு பரிந்துரை விட்டுப்போச்சு" என்றேன். "வளாகத்துக்குன்னு ஒரு யானை வாங்கணும். நல்ல பெருசா."

"அருமையான யோசனை. ஏற்கிறேன்."

"ஏற்கிறேன்."

"ஏற்கிறேன்."

எட்டுப் பேரும் யானையை ஏற்றார்கள். ஆறு வருடம், வாரம் ஒரு முறை, நான் படங்களுக்கு அறிக்கை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

"யானை வேண்டாம் சம்பந்தம்" என்றார் பதிவாளர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகமும் இயந்திரம் வரைந்ததுதான். ஆனால் குரலில் ஜலதோஷம் இருந்தது.

"அம்மா, நீங்க இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். நீங்கதான் இருக்கீங்களான்னு எனக்குச் சந்தேகம். வாரா வாரம் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்னு ஒரே மாதிரி வாசிச்சா என்ன நெனைக்கறது? உங்களையும் படம்னுதான் முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

"இவங்கெல்லாம்...?"

"நாலு வருஷமாச்சு. மொதல்ல ரெண்டு பேரு படத்த வச்சுட்டு வர்றத நிறுத்துனாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா. போன் போட்டா எடுத்துப் பேசுவாங்க, நல்லாத்தான் பேசுவாங்க. கூட்டத்துல மட்டும் இருக்கறதில்ல."

"தெரிஞ்சே நடத்துனீங்களா? யார்கிட்டயும் சொல்லலீங்களா?"

"கமிட்டிலதான் சொல்லணும்" என்றார். "கமிட்டில யாரு இருந்தாங்க?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஜலதோஷம்தானா என்று நான் கேட்கவில்லை.

"அந்தப் பசங்க விஷயம்" என்றேன்.

"எட்டு ஓட்டு விழுந்துருச்சு. தீர்மானம் நிறைவேறுனது நிறைவேறுனதுதான்."

"அது படத்தோட ஓட்டுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நிக்காது. பசங்க மறுபடியும் மாட்டுவாங்க."

"நிக்காதுதான்." பெருமூச்சு விட்டார். "சான்றிதழ் போயிரும், தெரியுமா உங்களுக்கு? அதுக்காக டெல்லிக்கு நான் பதினேழு தடவ போயிருக்கேன். எல்லாம் ரயில்ல."

"தெரியுங்க."

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. இயந்திரத்துக்கே எதை வரைவதென்று தெரியவில்லை போலிருக்கிறது. நாற்பத்திரண்டு பேரின் பட்டம் அந்த அசையாத முகத்துக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

"யானையத் தவிர மத்த மூணுக்கும் எழுதிக்கங்க" என்றார். "மனோன்மணி, பதிவாளர், நேரில் இருந்து ஏற்கிறேன். நேரில்ங்கறத அடிக்கோடு போடுங்க."

எழுதினேன். அடிக்கோடு போட்டேன். கூட்டம் முடிந்தது என்று அவர் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவர் சொல்லவில்லை.

"அந்த ஒம்பதாம் அரங்குல டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சர்க்கரை கம்மிங்க."

"என் ஆபீஸ் ரூம் எப்படி இருக்குது? போயிப் பாத்தீங்களா?"

"படியெல்லாம் மயில் உக்காந்திருக்குதுங்க. எனக்கு வழி விடல."

அவர் சிரித்தார். ஆறு வருடத்தில் முதல்முறை. வரைந்த முகத்தில் அந்தச் சிரிப்பு சரியாகப் பொருந்தவில்லை, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இயந்திரம் அதைப் பார்த்துப் பழகியிருக்கவில்லை. பிறகு அவர் திருச்சியில் இருக்கும் தன் மகளைப் பற்றிச் சொன்னார். நான் ரேணுகாவின் வௌவால் ஆராய்ச்சியைச் சொன்னேன். அவளைக் கூப்பிடச் சொன்னார், அவளும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். மீதி எட்டுப் பேரும் அத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.